கோடு நின்ற இடம்

திரையில் ஒரு நீலக் கோடு தெரிந்தது. இடது ஓரத்தில் தரையோடு படுத்துக் கிடந்து, மெல்ல மெல்ல ஏறி, வலது பக்கம் முக்கால் தூரம் போனதும் கத்தியால் வெட்டியது போல நின்றுவிட்டது. சென்னையில் ஒரு கல்லூரியின் கருத்தரங்க அறை. ஏசி காற்று நேராகக் கழுத்தில் அடிக்கும் கடைசி வரிசையில் உட்கார்ந்து நான் அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டவன் நான். ஆனாலும் அந்தக் கோடு எனக்குப் புரிந்தது. அது மலைமேல் ஓர் ஊரிலிருந்து என் ஜீப் சுமந்து வந்த சேதிகளின் கணக்கு. வெளியிலிருந்து வந்திருந்த தேர்வாளர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, கோடு நின்ற இடத்தை விரலால் காட்டி, மேடையில் நின்ற மாணவியிடம் ஆங்கிலத்தில் ஏதோ கேட்டார். மழைக்காலம் முழுவதும் பதிவு செய்வதாக இருந்தவள் ஏன் பாதியில் நிறுத்தினாய் என்று கேட்கிறார் என்பது விரல் காட்டிய இடத்தை வைத்தே தெரிந்தது. என் பக்கத்தில் இருந்த பெட்டி வீட்டுக்காரர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

அவளுடைய முனைவர் பட்டத்துக்கான வாய்மொழித் தேர்வு அது. அந்தக் கேள்விக்கு அவளிடம் இரண்டு பதில்கள் இருந்தன. மழை பெய்து பாதை அடைபட்டது என்பது ஒன்று. அதில் பொய் கிடையாது, அதைச் சொன்னால் பட்டம் கைக்கு வந்துவிடும். இன்னொரு பதிலும் இருந்தது. அதைக் கேட்பதற்காகத்தான் பெட்டி வீட்டுக்காரர் ஜவ்வாது மலையிலிருந்து இறங்கி, பஸ் மாறி மாறி, வேட்டியைத் துவைத்துக் கட்டிக்கொண்டு அங்கே வந்து உட்கார்ந்திருந்தார்.

அவள் படவேட்டுப் பெண். அப்பா கோயிலுக்கு வருகிறவர்களுக்குப் பூ விற்பவர். ஊர் அரசுப் பள்ளியில் படித்து, வேலூரில் பொறியியல் முடித்து, கம்பெனியில் ஓரிரு வருஷம் வேலை பார்த்து, அது பிடிக்காமல் மறுபடியும் படிக்கப் போனவள். அவர்கள் வம்சத்தில் கல்லூரி வாசலைப் பார்த்த முதல் ஆள். வேலையை விட்டதற்காக வீட்டில் இரண்டு மூன்று மாதம் முகம் கொடுத்துப் பேசவில்லையாம். இந்த ஆராய்ச்சி எப்படி வந்தது என்று நான் ஒரு தரம் கேட்டேன். சின்ன வயதில் அப்பா பூக்கூடையைப் பஸ் டிரைவரிடம் கொடுக்கும்போது அதோடு சேதியும் சொல்லி அனுப்புவார். நாளைக்கு முகூர்த்தம், சாமந்தி அதிகம் வேண்டும் என்று. டிரைவர் போய்ச் சொன்னாரா இல்லையா என்பது மறுநாள் கூடை திரும்பி வந்தால்தான் தெரியும். அந்த ஒரு நாள் நடுவில் அப்பா படும் பாட்டைப் பார்த்துத்தான் இதில் மனசு போயிற்று என்றாள். நம்முடைய செல்போன் எல்லாம் ஒரே நம்பிக்கையில் நடக்கிறது, பேசுகிறவனுக்கும் கேட்கிறவனுக்கும் நடுவே வழி எப்போதும் திறந்திருக்கும் என்று. வழி இல்லாத இடத்தில், யாராவது வரும்வரை காத்திருந்து, வருகிறவர் தலையில் சேதியை ஏற்றி அனுப்ப முடியுமா என்பதுதான் அவள் படிப்பு.

நான் அப்போது அடிவாரத்துக்கும் நெல்லிவாசல்நாட்டுக்கும் நடுவே ஷேர் ஜீப் ஓட்டிக்கொண்டிருந்தேன். அதற்கு முன் போர்வெல் லாரி, செங்கல் சூளை, திருப்பூரில் சாயப்பட்டறை, கலசப்பாக்கம் பஸ் நிலையத்துக்கு எதிரே பரோட்டாக் கடை. எந்த வேலையிலும் நிலைத்து நிற்கிற உடம்பு இல்லை. ஜீப் மட்டும் ஒத்துவந்தது, உட்கார்ந்தபடியே ஊர் மாறலாம் என்பதால். அவள் ஒருநாள் அட்டைப்பெட்டிகளோடு முன் சீட்டில் ஏறினாள். டவர் எட்டாத மலைக் குக்கிராமங்களில் ஊருக்கொரு பெட்டி, என் ஜீப்பில் ஒரு பெட்டி என்று திட்டம். ஊரில் இருக்கிறவர் பெட்டியின் பட்டனை அழுத்திப் பேசினால் பேச்சு அதில் தங்கும். நான் அந்தப் பக்கம் போகும்போது ஊர்ப்பெட்டியிலிருந்து ஜீப் பெட்டிக்குப் பேச்சு தானாகத் தாவும். அடிவாரத்தில் டவர் கிடைத்ததும் ஜீப் பெட்டி அதை உரியவர் போனுக்கு அனுப்பிவிடும். இப்படிச் சேதி சுமக்கும் வண்டிக்குப் புத்தகத்தில் என்ன பெயர் என்று கேட்டேன். கொஞ்சம் தயங்கிவிட்டு, கழுதை என்றுதான் எழுதுவார்கள் அண்ணா என்றாள். பின் சீட்டில் புளி மூட்டையோடு உட்கார்ந்திருந்த பெண்கள் அதைப் பிடித்துக்கொண்டார்கள். அதிலிருந்து அந்தத் தடத்தில் என்னை யாரும் டிரைவர் என்று கூப்பிடவில்லை. “இன்னா கழுத, இன்னிக்கி லேட்டு?” என்பார்கள். நானும், சுமை கொஞ்சம் அதிகம் என்பேன்.

ஒரு பெட்டி, சாலையை ஒட்டிய கடைசி வீட்டுச் சுவரில் ஏறியது. சாமையும் கொஞ்சம் கொள்ளும் விதைக்கிற வீடு. புருஷன் பெண்டாட்டி இரண்டே பேர். அன்றிலிருந்து அந்த மனிதருக்குப் பெட்டி வீட்டுக்காரர் என்று பெயர் விழுந்தது. மேலே இருந்த சோலார் தகட்டைத் தினமும் காலையில் ஈரத்துணியால் துடைப்பார். பிள்ளைகள் கை வைத்தால் அதட்டுவார். யாருக்காவது பேசத் தெரியவில்லை என்றால் பக்கத்தில் நின்று, அழுத்து, இப்போது பேசு, இப்போது விடு என்று சொல்லிக்கொடுப்பார். பேசி முடித்துப் பட்டனை விட்டதும் பெட்டியின் மூலையில் பச்சை விளக்கு ஒன்று எரியும். அது எரிந்ததும், ஆச்சு போ, என்பார். மாணவிக்கு அவரை ரொம்பப் பிடித்துப்போயிற்று. எல்லா ஊரிலும் இப்படி ஒருத்தர் இருந்தால் என் படிப்பு சீக்கிரம் முடியும் என்று என்னிடம் சொல்லியிருக்கிறாள்.

கோடு ஏறியது அந்த மாதங்களில்தான். முதலில் சர்க்கரை வாங்கி வா, சந்தையில் புளி என்ன விலை என்ற பேச்சுகள். பிறகு ஒரு குழந்தைக்குக் காய்ச்சல் என்று காலையில் பேசினார்கள். மாலை ஜீப்பில் மருந்து வந்தது. அதற்கப்புறம் ஊர் பெட்டியை முழுதாக நம்பிவிட்டது. அதற்கு முன்பெல்லாம் அவசரம் என்றால் பையன்கள் டவர் பாறைக்கு ஓடுவார்கள். ஊருக்கு மேலே ஒரு மொட்டைப் பாறை, அதன் உச்சியில் நின்று கையைத் தூக்கிப் பிடித்தால் போனில் ஒரு கோடு சிக்னல் விழும். ஏறுவதற்குள் நெஞ்சு வறண்டுவிடும். பெட்டி வந்தபின் அந்த ஒற்றையடிப் பாதையில் புல் முளைத்தது. அவசரத்துக்கு இதை நம்பாதீர்கள் என்று அவள் ஆரம்பத்திலேயே சொன்னாள், நான் கேட்டிருக்கிறேன். ஆனால் சொன்னது ஒரு நாள், விளக்கு எரிந்தது தினமும்.

அந்தக் காலை மழை விடிவதற்கு முன்பே பிடித்துக்கொண்டது. நான் அடிவாரத்திலிருந்து ஏறும்போது பாதி மலையில் ஒரு வளைவில் பாறையும் மண்ணும் சரிந்து கிடந்தன. ஜீப் அந்தப் பக்கம் போக வழியில்லை. பயணிகள் இறங்கித் திரும்பி நடந்தார்கள். நான் வண்டியை ஓரங்கட்டிவிட்டு, மண் அள்ளும் வண்டி வருமா என்று பார்த்துக்கொண்டு பீடியை இழுத்தபடி இருந்தேன். வரவில்லை. உச்சிப்பொழுதுக்கு மழை விட்டது. சரி, மேலே ஊரில் சொல்லிவிட்டாவது வருவோம் என்று கற்களின் மேல் ஏறி மறுபக்கம் இறங்கி நடக்க ஆரம்பித்தேன்.

பெட்டி வீட்டு வாசலில் சின்னக் கூட்டம். பெட்டி வீட்டுக்காரர் சாலையில் நின்று கீழ்ப்பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் அவர் முகத்தில் வந்த தெளிவு இப்போதும் என் கண்ணில் நிற்கிறது.

“வந்துட்டியா. வண்டிய எங்க வுட்ட?”

“வண்டி வராது. கீழ பாறை சரிஞ்சி கெடக்குது. இங்க இன்னா கூட்டம்?”

“காலையிலயே சேதி வுட்டேனே. கெடக்கலியா?”

“இன்னா சேதி?”

அவர் திரும்பிச் சுவரைப் பார்த்தார். பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது. உள்ளேயிருந்து அவர் மனைவியின் முனகல் வந்தது. பிள்ளைத்தாய்ச்சிக்கு மாதம் ஆகுமுன்பே காலையில் பிரசவ வலி எடுத்திருக்கிறது. உடனே பட்டனை அழுத்திப் பேசியிருக்கிறார். பச்சை எரிந்திருக்கிறது. கம்பளியை மடித்து, துணிமணியைப் பையில் போட்டு, ஜீப் வரும் வரும் என்று உட்கார்ந்திருக்கிறார்கள். டவர் பாறைக்கு யாரும் போகவில்லை. சேதி போயிற்றே, எதற்குப் போக வேண்டும்?

மூங்கில் கழியில் கம்பளியைக் கட்டி டோலி ஆக்கினோம். ஆள் மாற்றி ஆள் தோள் கொடுத்து இறக்கினோம். சரிவு கிடந்த இடத்தில் கால் வைக்கிற கல் எல்லாம் ஆடியது. நாலு பேர் கழியைப் பிடிக்க, மற்றவர்கள் கீழே நின்று எங்கள் கால்களை ஒவ்வொன்றாகப் பிடித்துக் கல்லில் வைத்தார்கள். டோலிக்குள்ளிருந்து சத்தம் நின்றுவிட்டது. சத்தம் கேட்டபோது இருந்ததை விட அது நின்றபோதுதான் எல்லாருக்கும் பயம் வந்தது. ஜீப்பில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். அந்தப் பெண் பிழைத்தாள். குழந்தை பிழைக்கவில்லை. இன்னும் கொஞ்சம் முன்னால் கொண்டுவந்திருக்கலாம் என்று அங்கிருந்த நர்ஸ் சொன்னார். வழக்கமாகச் சொல்வதுதான். ஆனால் பெட்டி வீட்டுக்காரர் காது அதைப் பிடித்து வைத்துக்கொண்டது.

பாதை திறந்ததும் ஊர்க் கூட்டம் கூடியது. மாணவி சென்னையிலிருந்து வந்தாள். அங்கே வழக்கு என்று வந்தால், பேச வேண்டியவர் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு, மற்றவர்கள் உட்கார்ந்திருக்க, நின்றபடியே பேச வேண்டும். குறுக்கே யாரும் பேசக்கூடாது. அவள் நின்றாள். பாறை சரிந்ததால் ஜீப் வரவில்லை, ஜீப் வராததால் சேதி வரவில்லை என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். ஊருக்குத் தலைவரான ஊர்க்கவுண்டர் தலையை ஆட்டினார். மழைக்கு யார் என்ன செய்ய முடியும்? பிறகு அவர் பார்வை பெட்டி வீட்டுக்காரர் மேல் திரும்பியது.

“பாறை சரிஞ்சது அந்தப் பொண்ணு குத்தமில்ல. டவர் பாறைக்கு நீ ஓடியிருக்கலாமில்ல? பொண்டாட்டி வலியில கெடக்கறா, நீ இன்னா பண்ணிக்கினு இருந்த?”

“பச்ச எரிஞ்சிது,” என்றார் அவர்.

யாரோ ஒருவன் சிரித்துவிட்டான். கூட்டம் அதோடு கலைந்தது. பெட்டி வீட்டுக்காரர் எழுந்துபோய்ச் சுவரிலிருந்து பெட்டியைக் கழற்றி, துணியால் துடைத்து, மாணவி கையில் கொடுத்தார். திரையில் கோடு நின்ற இடம் அதுதான்.

கீழே இறங்கும்போது பெட்டி அவள் மடியில் இருந்தது. பல வளைவுகள் கடந்தபின் அவளாகவே பேசினாள்.

“அந்தப் பச்ச லைட்டு, பெட்டி வாங்கிக்கிச்சுன்னு தாண்ணா அர்த்தம். ஒங்க ஜீப்புக்கு வந்துச்சுன்னு இல்ல.”

“அத அங்க சொல்றதுக்கு இன்னா பாப்பா?”

“சார் சொல்ல வேணாம்னாரு.”

சார் என்றது அவளுடைய வழிகாட்டிப் பேராசிரியரை. அவருக்கும் பயம் இருந்திருக்கும்; போலீஸ், பத்திரிகை, கல்லூரியின் பெயர். அந்த ஊரில் அதற்குப்பிறகு நடந்ததை நான் தினமும் பார்த்தேன். விடலைகள் அவரைக் கண்டால், “மாமோவ், பச்ச எரியுது, குந்து” என்பார்கள். அவர் ஒரு பருவம் குடகில் காப்பித் தோட்ட வேலைக்குப் போய்விட்டு வந்தார். திரும்பி வந்தபோதும் அந்தப் பேச்சு அங்கேயே இருந்தது. மனைவி அவரோடு சண்டை போடவில்லை. சோறு போடுவாள், கொல்லைக்காட்டு வேலைக்கு அவரோடு நடப்பாள். பேசுவது மட்டும் குறைந்துபோயிற்று.

தேர்வுக்கு முந்தின வாரம் மாணவி எனக்குப் போன் செய்தாள். யார் வேண்டுமானாலும் வந்து உட்காரலாம், கேள்வி கேட்கலாம், அதுதான் விதி, வாங்க அண்ணா என்றாள். பிறகு, பெட்டி வீட்டுக்காரரையும் கூட்டிக்கொண்டு வாருங்கள் என்றாள். நான் போய்ச் சொன்னதும் அவர் ஏன், எதற்கு என்று கேட்கவில்லை. எந்த பஸ் என்று மட்டும் கேட்டார்.

இப்போது அந்த அறையில் அவள் தேர்வாளருக்குப் பதில் சொல்ல ஆரம்பித்தாள். ஆங்கிலம்தான். மழை, சரிவு, சாலை என்கிற வார்த்தைகள் எனக்கு எட்டின. வேறு எதுவும் வரவில்லை. கடைசி வரிசைப் பக்கம் அவள் பார்க்கவே இல்லை. தேர்வாளர் ஏதோ குறித்துக்கொண்டார். வழிகாட்டி தண்ணீர் பாட்டிலைத் திறந்து குடித்தார். திரையில் அடுத்த படம் வந்தது. அவ்வளவுதான், முடிந்தது என்று நினைத்தேன். பக்கத்தில் பார்க்க எனக்குத் தைரியமில்லை. பார்வையாளர்கள் யாராவது கேட்கிறீர்களா என்று கடைசியில் அழைத்தார்கள். முன்வரிசை மாணவர்கள் டீ வந்துவிட்டதா என்று கதவைப் பார்த்தார்கள். என் பக்கத்து நாற்காலி கிரீச்சிட்டது.

“நானு கேக்கலாங்களா? தமிழ்ல தான் கேப்பேன்.”

அறை முழுவதும் திரும்பியது. வழிகாட்டி பாதி எழுந்தார். தேர்வாளர் அவரைக் கையமர்த்திவிட்டு, கேளுங்கள் ஐயா என்றார். பெட்டி வீட்டுக்காரர் கால்களை உதறிச் செருப்பைக் கழற்றிவிட்டு நிமிர்ந்து நின்றார்.

“அந்தக் கோடு நிக்குதே, அன்னிக்கி நானு பட்டன அழுத்தினேன். பச்ச எரிஞ்சிது. எரியாம இருந்திருந்தா ஓடியிருப்பேன். பச்ச எரிஞ்சா சேதி போய்ட்டுதுன்னு அர்த்தமா, இல்லியா? அத மட்டும் சொல்லச் சொல்லுங்க.”

அவள் கையிலிருந்த ரிமோட்டை மேசைமேல் வைத்தாள். அவள் வழிகாட்டியைப் பார்த்தாள். அவர் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“இல்லைங்கண்ணா,” என்றாள். “போகல. பெட்டிக்குள்ள தான் இருந்துச்சு. போய்ச் சேர்ந்தா மட்டும் எரியற மாதிரி வெச்சிருக்கணும். நான் வெக்கல.”

பிறகு தேர்வாளர் பக்கம் திரும்பி, தமிழிலேயே எல்லாவற்றையும் சொன்னாள். அந்தக் காலை, டோலி, குழந்தை, கூட்டத்தில் தான் சொன்னது, சொல்லாமல் விட்டது. இதைப் பற்றி ஓர் அத்தியாயம் எழுதி, பிறகு எடுத்துவிட்டதையும் சொன்னாள். ஏன் எடுத்தாய் என்று அவர் கேட்டதற்கு, பயந்துதான் என்றாள். சார் எடுக்கச் சொன்னார் என்று அவள் சொல்லவில்லை.

எங்களை எல்லாம் வெளியே அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்தி நெடுநேரம் பேசினார்கள். பட்டம் அன்று கிடைக்கவில்லை. அந்த அத்தியாயத்தை எழுதி, ஆய்வேட்டை மறுபடி சமர்ப்பித்து, மறுபடி தேர்வுக்கு வர வேண்டும். இதற்கிடையே உதவித்தொகை நின்றுவிடும் என்று ஒரு மாணவன் என் காதில் சொன்னான். வாங்கி வைத்திருந்த கேக்கை யாரோ உள்ளே எடுத்துப்போனார்கள். அவள் வராண்டாவில் பெட்டி வீட்டுக்காரர் முன்னால் வந்து நின்றாள்.

“நீங்க வந்தா நானே சொல்லிடுவேன்னு நெனச்சி தாண்ணா கூப்ட்டேன். வந்தும் சொல்லல. நீங்க கேக்க வேண்டியதாப் போச்சு. ஊருக்கு வந்து கூட்டத்துல சொல்றேன்.”

“கூட்டத்துல வேணாம்மா,” என்றார் அவர். “என் வூட்ல வந்து சொல்லு, போதும்.”

போன வாரம் அவளை மேலே ஏற்றிப்போனேன். அவர் மனைவி வாசலில் சாமை புடைத்துக்கொண்டிருந்தாள். சுவரில் பெட்டி இருந்த இடத்தில் ஆணி அடித்த ஓட்டைகள் மட்டும் இருந்தன. மாணவி தரையில் உட்கார்ந்து, விளக்கைப் பற்றி மெதுவாகச் சொன்னாள். அந்தப் பெண் முறத்தை நிறுத்தவில்லை. முழுதும் கேட்டபின் ஒரே கேள்வி கேட்டாள்.

“அப்போ இவரு அழுத்துனது நெசமா?”

எனக்கு அப்போதுதான் புரிந்தது. இன்னா சேதி என்று நான் அன்றைக்குச் சாலையில் நின்று கேட்டது உள்ளே படுத்திருந்தவள் காதில் விழுந்திருக்கிறது. இத்தனை நாளும், அவர் அழுத்தவே இல்லை என்றுதான் அவள் நினைத்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

“நெசங்க்கா. வலி எடுத்ததுமே பேசியிருக்காரு. பெட்டிக்குள்ள இருந்த அவரு பேச்ச நான் கேட்டேன்.”

முறம் நின்றது. அவள் புருஷனை ஏறிட்டுப் பார்த்தாள். அவர் வேலியோரம் நின்று எங்கோ பார்த்துக்கொண்டிருந்தார். அவள் எழுந்து புடவையில் ஒட்டியிருந்த உமியைத் தட்டிவிட்டாள்.

“வூட்ல சொன்னா ஆச்சா? அன்னிக்கி சிரிச்சவன் கேக்க வேணாமா? போய்க் கவுண்டர்கிட்ட கூட்டத்தக் கூட்டச் சொல்லு.”

அவர் என்னைப் பார்த்தார். துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பினார். மாணவி எழுந்திருக்கப் பார்த்தாள். அந்தப் பெண் அவளை உட்காரச் சொல்லிவிட்டு உள்ளே போய், ஒரு சொம்பு நிறையக் கூழைக் கொண்டுவந்து அவள் முன்னால் வைத்தாள்.

“குடிச்சிட்டுப் போ. நின்னுக்கினே பேசணும்.”